சூடேறும் நேரம்: சென்னையின் தென்புறத்தில் ஓவன் வந்த வரலாறு

ஓவன் எனப்படும் மூடிய அடுப்பில் எதையேனும் சுட வேண்டுமானால் முதலில் அந்த அடுப்பையே சூடாக்கியாக வேண்டும் என்பது, பானையை நேராகத் தீயின்மேல் ஏற்றிப் பழகிய தமிழ்ச் சமையலுக்குப் புறத்தேயிருந்து வந்து சேர்ந்த விதியாகும். இந்த முன்வேலையை இன்றைய வீடுகளில் ப்ரீஹீட் என்றே சொல்கின்றனர். முன்சூடேற்றல் என்று எழுதினாலும் பொருள் விளங்கும். பல்லாவரத்துக்குக் கிழக்கே, ஏரிப் பாசனத்தை நம்பிய சிற்றூராக இருந்து, 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட கீழ்க்கட்டளையின் அடுக்குமாடி வீடுகளில் இவ்வேலை ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரங்கிமலை, பல்லாவரம் படைக்குடியிருப்புகளுக்கு ரொட்டி சுட்ட காலத்துச் செங்கல் அடுப்புகளுக்கோ மணிக்கணக்கில் தீ மூட்ட வேண்டியிருந்தது. யார் சுட்டார்கள், எந்த வேளையில் சுட்டார்கள், எந்தப் பண்டத்துக்குப் பின் எந்தப் பண்டம் அடுப்புக்குள் சென்றது, யாருடைய வீட்டில் ஓவன் இல்லாமல் போனது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்தச் சூடேறும் நேரமே பெரும்பாலும் விடையாக அமைந்தது. பேக்கரித் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் கடைப் பெயர்களையும் உரிமையாளர்களையும் தேடிச் செல்லும் அளவுக்கு இதனைக் கவனித்ததில்லை.

செங்கற்பட்டு வட்டாரத்துச் சிற்றூர் வீடுகளில் இருந்த மண் அடுப்பு, காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு கருவி. சுள்ளியோ பனையோலையோ எரு வரட்டியோ பற்றிக்கொண்ட உடனே தீ நாக்கு மெல்லிய மண்பானையின் அடியைத் தொடுகிறது. சூடாக வேண்டியது பானையும் அதற்குள் உள்ள நீரும் மட்டுமே. முதன்மை அடுப்பிலிருந்து வெளியேறும் அனலைப் பக்கத்துத் துளை வழியாக வாங்கி இன்னொரு பாத்திரத்தைச் சூடாக்கும் கொடி அடுப்பு என்ற அமைப்பு, எரிபொருளில் ஒரு பங்கும் வீணாகக் கூடாது என்ற கணக்கிலிருந்து பிறந்தது. இட்லி, கொழுக்கட்டை, புட்டு ஆகியவற்றை வேகவைக்கும் ஆவியும் அதே கணக்கைச் சேர்ந்ததுதான். தண்ணீர் கொதித்தவுடன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸில் தானாகவே நின்றுவிடுவதால் அளவு பார்க்க வேண்டிய வேலையும் இல்லை. அரிசி மாவில், கோதுமை மாவில் உள்ளதைப் போன்று காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்பும் பசைப்புரதம் கிடையாது; ஆகவே நாற்புறமும் உலர்வெப்பம் சூழ்ந்து சுட வேண்டிய ரொட்டிக்கான தேவை இங்கே எழவில்லை. தமிழர் சமையலறையில் ஓவன் இல்லாததைக் குறையாகச் சொன்ன ஐரோப்பியர் பலர் உண்டு. விறகின் கணக்கை வைத்துப் பார்த்தால், அரிசி உண்ணும் நாட்டில் தனி வீட்டுக்கு ஓர் ஓவன் என்பது பொருளற்ற செலவாகவே இருந்திருக்கும்.

கோதுமை ரொட்டியும் அதற்குரிய அடுப்பும் தமிழ்க் கரைக்கு முதலில் போர்த்துக்கீசியரோடு தொடர்புடையனவாக வந்தன. 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் காலூன்றிய இலங்கையில் ரொட்டியைப் பாண் என்றும், அதைச் சுடும் அடுப்பைப் போறணை என்றும் தமிழர் இன்றளவும் வழங்குகின்றனர். இரண்டும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொற்கள். முத்துக்குளித்துறைக் கரையில் தூத்துக்குடியின் மக்ரூன், முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றைக் கொண்டு மிதமான சூட்டில் நெடுநேரம் உலர்த்திச் சுடப்படும் பண்டமாக நிலைபெற்றது. சென்னைக்கு இந்த மரபு வேறு வழியாக, அதாவது ஆங்கிலேயப் படையின் வழியாக வந்தது. பரங்கிமலை 18-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து சென்னைப் பீரங்கிப் படையின் இருப்பிடமாக விளங்கியது. பல்லாவரத்தில் ஓய்வுபெற்ற படைவீரர் குடியிருந்த தெருக்கள் வெட்டரன் லைன்ஸ் என்ற பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. ஐரோப்பியப் படைவீரர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், ரொட்டி வழங்கப்பட வேண்டும் என்பது படை உணவு விதி. ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுக்கு ஒவ்வொரு நாளும் 450 கிலோ ரொட்டி விடியற்காலைக்குள் வெந்து முடிந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், படைக்குடியிருப்பைச் சுற்றி அடுப்பு கட்டுவோரும் விறகு கொணர்வோரும் மாவு பிசைவோரும் ஒரு தொழிற்கூட்டமாகத் திரண்டதன் காரணம் விளங்கும்.

சென்னை நகருக்குள் பொதுமக்களுக்கான பேக்கரிகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின. வேப்பேரியில் பெரம்பூர் பாரக்ஸ் சாலையிலுள்ள ஸ்மித்ஃபீல்டு பேக்கரி தன் தொடக்கத்தை 1885 என்று குறிக்கிறது. மெக்ரன்னெட் 1903-ஐச் சொல்கிறது. அந்நாளைய மலபார் மாவட்டத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1880-இல் தொடங்கிய பிஸ்கட் தொழிற்கூடமும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே. இவற்றில் பலவற்றின் பெயர் ஆங்கிலமாக இருந்தாலும் அடுப்பின் முன் நின்றவர்கள் இந்நாட்டுத் தொழிலாளர்களே.

விறகால் சூடேறும் பேக்கரி அடுப்பு எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். தடித்த செங்கற் சுவர், வளைந்த தாழ்ந்த கூரை, தட்டையான செங்கல் தளம், முன்புறத்தில் ஒரே ஒரு சிறிய வாய் ஆகியவையே அதன் உறுப்புகள். தளத்துக்கு அடியில் கனமாக மணல் பரப்பப்படும். சில இடங்களில் வெப்பம் தங்குவதற்கென்று உப்பையும் உடைந்த கண்ணாடியையும் மணலோடு சேர்ப்பதுண்டு. செங்கற்களை இணைக்கச் சுதைக்கும் சிமெண்டுக்கும் மாறாகக் களிமண் சேறே உகந்தது, ஏனெனில் பெருஞ்சூட்டில் அது மற்றவற்றைப் போல உதிர்ந்துபோவதில்லை. விறகு இந்த அறைக்குள்ளேயே, பின்னர் ரொட்டி வைக்கப்போகும் அதே தளத்தின்மேல் எரிக்கப்படுகிறது. தீ எரியும்போது எதுவும் சுடப்படுவதில்லை என்பதுதான் இந்த அடுப்பின் தனித்தன்மை. கூரையும் சுவரும் தளமும் வெப்பத்தைக் குடித்து முடித்த பிறகு, தணலும் சாம்பலும் நீண்ட இரும்புக் கோலால் ஒதுக்கப்பட்டோ வெளியே வாரப்பட்டோ, ஈரச் சாக்கு சுற்றிய கழியால் தளம் துடைக்கப்பட்டு, வாய் சிறிது நேரம் அடைத்து வைக்கப்படுகிறது. இந்த அடைப்பு நேரத்தில் தீ பட்ட இடத்திலிருந்த மிகைச்சூடு சுற்றிலும் பரவிச் சமநிலை அடைகிறது. அதன் பின்னரே நீண்ட காம்புள்ள மரத் துடுப்பால் ரொட்டித் தட்டுகள் உள்ளே தள்ளப்படுகின்றன. ஆகவே ரொட்டியைச் சுடுவது தீ அன்று. செங்கல் சேமித்து வைத்துத் திருப்பித் தரும் வெப்பமே.

இந்தச் சேமிப்புக்கு ஆகும் காலத்தைக் கணக்கிட முடியும். ஒரு கிலோ செங்கல்லின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 840 ஜூல் ஆற்றல் தேவை; ஜூல் என்பது ஆற்றலின் அளவு அலகு. ஒரு டன் செங்கல்லை 30 டிகிரியிலிருந்து 280 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால் 21 கோடி ஜூல் வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கோடி ஜூல் தருவதால், ஒரு துளியும் வீணாகாத கற்பனை நிலையிலேயே 13 கிலோ விறகு செலவாகிவிடும். புகையோடும் வாய் வழியாகவும் வெளியேறும் வெப்பத்தைச் சேர்த்தால் உண்மைச் செலவு அதைப்போலப் பன்மடங்கு ஆகும். ஒரு பேக்கரி அடுப்பிலோ பல டன் செங்கல் இருக்கும். விறகைக் கூட்டி எரித்து நேரத்தைக் குறைத்துவிடவும் முடியாது. வெப்பம் செங்கல்லுக்குள் தன் போக்கில்தான் ஊர்ந்து செல்கிறது. 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அது கணிசமாக இறங்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்குமென்றால், 10 சென்டிமீட்டருக்கு அதன் இரு மடங்கு போதாது, நான்கு மடங்கு தேவைப்படும். அவசரமாகப் பெருந்தீ மூட்டினால் செங்கல்லின் மேற்பரப்பு மட்டும் காய்ந்து, உட்புறம் குளிர்ந்தே இருக்கும். அத்தகைய அடுப்பில் முதல் தட்டு கருகும், இரண்டாம் தட்டு வேகாது. புதிதாகக் கட்டிய அடுப்பில் சேற்றின் ஈரம் வெளியேறும்வரை பல நாள்களுக்குச் சிறுதீ மட்டுமே காட்ட வேண்டும், இல்லையேல் ஆவியின் அழுத்தத்தால் கூரையில் வெடிப்பு விழும்.

இக்காரணத்தால்தான் பேக்கரி அடுப்பை முற்றிலும் ஆறவிடுவது தொழிலில் இழப்பாகக் கருதப்பட்டது. நாள்தோறும் எரியும் அடுப்பில் மறுநாளும் நூறு டிகிரிக்கு மேல் வெப்பம் எஞ்சியிருக்கும் என்பதால் ஓரிரு மணி நேரத் தீயிலேயே அது மீண்டும் நிலைக்கு வந்துவிடும். சில நாள் மூடிக்கிடந்த அடுப்புக்கு அரை நாளும் போதாமல் போகலாம். விடுமுறை விடுவதைக்கூட விறகின் விலையே முடிவுசெய்யும் தொழில் இது.

வெப்பமானி இல்லாத அந்நாளில் அடுப்பு ஆயத்தமாகிவிட்டதை அறிய மூன்று அறிகுறிகள் இருந்தன. தீ மூட்டிய தொடக்கத்தில் கூரையின் உட்புறம் புகைக்கரி படிந்து கறுத்துவிடும். செங்கல் போதிய சூட்டை எட்டியதும் அந்தக் கரியே எரிந்து நீங்கி, கூரை வெளுத்துத் தோன்றும். அடுத்து, தளத்தின்மேல் ஒரு சிட்டிகை மாவைத் தூவிப் பார்ப்பார்கள். அது உடனே கறுத்தால் சூடு மிகை, மெல்லச் சிவந்தால் ரொட்டிக்கு ஏற்றது, நிறம் மாறாமல் கிடந்தால் இன்னும் விறகு வேண்டும். மூன்றாவது, அடுப்பின் வாய்க்குள் வெறுங்கையை நீட்டி எத்தனை எண்ணும்வரை தாங்க முடிகிறது என்று பார்ப்பது. இந்த மூன்றையும் பொருத்திப் பார்க்கும் திறம் பல ஆண்டுப் பழக்கத்தில் மட்டுமே கைவரும் என்பதால், மாவு பிசைபவரைவிட அடுப்பைப் பார்ப்பவருக்குப் பேக்கரியில் மதிப்பு கூடுதலாக இருந்தது. அது தகுதியான மதிப்பே. ஓர் இரவின் மாவு முழுவதும் அவர் சொல்லை நம்பி நிற்கிறது.

சூடேற்ற இத்தனை நேரம் பிடித்த அடுப்பு ஆறுவதற்கும் அதற்கேற்ற நேரம் எடுத்துக்கொண்டது என்பதில்தான் பேக்கரிப் பண்டங்களின் வரிசை முழுவதும் அடங்கியிருக்கிறது. வெப்பம் 230 டிகிரியை ஒட்டியிருக்கும்போது ரொட்டி உள்ளே செல்லும். அது இறங்கி 200-ஐ நெருங்கும்போது பன்னும் பஃப்ஸும். 180-க்கும் 160-க்கும் இடையில் கேக். அதற்கும் கீழே பிஸ்கட். கடைசியாக, முந்தைய நாள் விற்காத ரொட்டியை வில்லைகளாக அறுத்து அடுக்கி, மிஞ்சிய வெதுவெதுப்பில் விட்டுவிட்டால் அது ரஸ்க்காக உலர்ந்து வரும். ஆறும் அடுப்பின் கடைசி வெப்பத்தையும் காசாக்கும் வழியே ரஸ்க். தூத்துக்குடி மக்ரூனுக்குத் தேவையான மெல்லிய நீண்ட சூடும் இந்த இறங்குமுகத்தில் இயல்பாகவே கிடைக்கிறது. நீலகிரியில் விறகு அடுப்பில் சுடப்பட்டு, புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட ஊட்டி வர்க்கியின் மொறுமொறுப்புக்கும், ஹாசன் வட்டாரத்திலிருந்து பெங்களூர் சென்று தொழில் தொடங்கி, பின்னர் சென்னைப் புறநகர்களிலும் கிளைத்த ஐயங்கார் பேக்கரிகளின் காரமான பிஸ்கட்டுக்கும் பின்னால் இதே இறங்குவெப்பம் இருந்திருக்கிறது. ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டியில் ரொட்டியிலிருந்து ரஸ்க் வரை இத்தனை வகை இருப்பதை வாடிக்கையாளரின் சுவைக்காக மட்டும் ஏற்பட்டதென்று எண்ணுவது போதாது. ஒருமுறை எரித்த விறகை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும் முயற்சியும் அதில் கலந்துள்ளது.

அந்த விறகு எங்கிருந்து வந்தது என்பதும் இப்பகுதியின் வரலாறுதான். சென்னை நகரின் எரிபொருள் தேவையில் கணிசமான பங்கைச் சோழமண்டலக் கரையே தாங்கியது. 1860-களில் ரயில் எஞ்சின்களுக்கான விறகுக்கென்று சென்னை மாகாணக் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டன. ரயில்கள் நிலக்கரிக்கு மாறிய பின்னர் அத்தோப்புகள் வீட்டு அடுப்புகளுக்கும் பேக்கரிகளுக்கும் உணவளித்தன. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாக் காட்டிலிருந்தும் தெற்கே கடலோரத் தோப்புகளிலிருந்தும் விறகு ஏற்றிய படகுகள் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக நகருக்கு வந்தன. 1877, 1878 பஞ்சகால நிவாரணப் பணியால் இணைக்கப்பட்டு அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்ற அக்கால்வாய், கீழ்க்கட்டளையின் மழைநீர் சென்று சேரும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குக் கிழக்கே ஓடுகிறது. சவுக்கு அடர்த்தியான மரம். நின்று எரிந்து கனமான தணல் தருவதால் செங்கல் சூடேற அது ஏற்றது. ஆனால் எந்த விறகானாலும் அதிலுள்ள ஈரம் முதலில் ஆவியாகித் தீர வேண்டும் என்பதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடுப்பு சூடேறும் நேரம் நீண்டது. பேக்கரிகளுக்கு ஆண்டிலேயே மிகுதியான வேலை தரும் கிறிஸ்துமஸ் இந்த மழையின் வாலிலேயே வந்து நிற்கிறது. ஆகவே டிசம்பருக்கான விறகைக் கோடையிலேயே வாங்கிக் கூரைக்கடியில் அடுக்கி வைப்பதே அறிவுடைமை.

சூடேறும் நேரத்தின் சுமையை இறுதியில் தாங்கியது தொழிலாளியின் உறக்கம். காலை ஆறு மணிக்குப் புது ரொட்டி விற்பனைக்கு வர வேண்டுமானால் மூன்று, நான்கு மணிக்கு அது அடுப்புக்குள் இருக்க வேண்டும். அதற்கு நள்ளிரவிலேயே தீ கொழுந்துவிட்டு எரிய வேண்டும். கள்ளின் நுரையாலோ பின்னர் ஈஸ்ட்டாலோ புளித்துப் பொங்க வேண்டிய மாவை மாலையிலேயே பிசைந்தாக வேண்டும். உலகெங்கும் பேக்கரித் தொழிலாளரின் பெருங்குறையாக இந்த இரவு வேலை இருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1925-இல் பேக்கரிகளில் இரவு வேலையைத் தடைசெய்யும் தனி உடன்படிக்கையையே நிறைவேற்றியது. இந்தியா அதனை ஏற்று ஒப்பமிட்ட நாடுகளுள் ஒன்றாக இல்லை. வெப்பநாட்டில், புகைபோக்கி சரிவர இல்லாத தாழ்ந்த கூரைக்கடியில், பல நூறு டிகிரிச் சூட்டைக் கக்கும் செங்கற் குவியலின் முன் இரவுதோறும் நின்றவர்களின் உடல்நலத்தைப் பற்றிய பதிவுகள் மிகக் குறைவாகவே இருப்பது இத்தொழிலின் வரலாற்றில் ஒரு பெரிய அநீதி.

இத்தகைய அடுப்பை ஒரு கேக்குக்காக ஒரு குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் தோன்றியதே, வீட்டில் கலந்த மாவைத் தகரப் பாத்திரங்களில் ஊற்றிப் பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்துச் சுட்டு வாங்கும் வழக்கம். கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில் சென்னையின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிடம் இது பரவலாக இருந்தது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் வாழ்ந்த அக்குடும்பங்களில் பலர் ரயில்வே பணியைச் சார்ந்தவர்கள். கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்ரயில் ஓடத் தொடங்கியபின் இத்தென்புறக் குடியிருப்புகள் மேலும் நெருங்கின. உலர்பழங்களைப் பல வாரங்கள் ஊறவைப்பது, மாவைக் குழைப்பது ஆகிய வேலைகள் வீட்டினுடையவை. சூடு மட்டும் பேக்கரியினுடையது. ரொட்டி இறங்கிய பின் கேக்குக்கு ஏற்ற நிலையில் ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட இந்த ஏற்பாடு, ஐரோப்பியச் சிற்றூர்களில் நிலவிய பொது அடுப்புக்கும், மொரோக்கோ நாட்டுத் தெருக்களில் இன்றும் வீட்டு மாவை வாங்கிச் சுட்டுத் தரும் பொது அடுப்புக்கும் உறவானது. தனித்தனி அடுப்புகளை விட இது அறிவார்ந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

வீட்டிலேயே சுட விரும்பியவர்கள் அடுப்பின் கனத்தைக் குறைத்தார்கள். கனமான பாத்திரத்தில் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, கீழே மெல்லிய தீயும் மூடியின்மேல் தணலுமாகச் சுடும் முறை தமிழகத்துக் கிறித்தவ இல்லங்களில் நெடுங்காலம் வழங்கியது. மணல் அடிச்சூட்டைத் தணித்துப் பரவச் செய்கிறது. மேல்தணல் கேக்கின் முகப்பைச் சிவக்க வைக்கிறது. சூடாக வேண்டிய பொருள் சில கிலோ மட்டுமே என்பதால் கால் மணி நேரத்தில் பாத்திரம் ஆயத்தமாகிவிடும். வைவர்ன் என்ற புனைபெயரில் சென்னை நாளிதழில் எழுதி, 1878-இல் சென்னைச் சமையல் குறித்து நூலும் வெளியிட்ட படையதிகாரி கென்னி ஹெர்பர்ட், இந்நாட்டிலிருந்த ஐரோப்பியர் வீடுகளின் சமையற்கட்டுகளுடைய நிலையைக் கடுமையாகக் கண்டித்தார். முகாமில் இருப்பவர்கள் புளிக்கவைக்காமல் பேக்கிங் பவுடர் கொண்டே ரொட்டி சுடும் வழியையும் அவர் பரிந்துரைத்தார். மாவு புளிக்கும் நேரத்தை ஒரு பொடி விழுங்கிவிட்டது. அடுப்பு சூடேறும் நேரத்தை விழுங்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த மாற்றம் இரு திசைகளில் வந்தது. ஒன்று தொழிற்சாலை. மத்திய அரசு 1965-இல் நிறுவிய மாடர்ன் பேக்கரீஸ், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் இயந்திரத்தால் ரொட்டி செய்யத் தொடங்கியது. 2000-இல் அது தனியாருக்கு விற்கப்பட்டது. இத்தகைய தொழிற்சாலைகளின் சுரங்க வடிவ ஓவனில் ரொட்டி ஒரு முனையில் நுழைந்து நகரும் பட்டையின்மேல் மறுமுனைக்குச் சென்று வெந்து வெளிவருகிறது. அடுப்பு ஓயாமல் எரிவதால் சூடேறும் நேரம் என்ற ஒன்று அன்றாடக் கணக்கிலிருந்தே மறைந்துபோகிறது. சிறு பேக்கரிகளும் பின்னர் டீசலாலோ எரிவாயுவாலோ இயங்கும் ரோட்டரி ஓவனுக்கு, அதாவது தட்டுகள் அடுக்கிய தாங்கி உள்ளே சுழல வெந்து வரும் உலோக ஓவனுக்கு மாறின.

இன்னொரு திசை வீட்டை நோக்கியது. 1923-இல் பிரிட்டனில் எரிவாயு ஓவனுக்கு வெப்பக் கட்டுப்படுத்தி, அதாவது வைத்த அளவை எட்டியதும் எரிவாயுவைத் தானே குறைக்கும் கருவி, பொருத்தப்பட்டது. சமையல் குறிப்புகளில் இளஞ்சூடு, கடுஞ்சூடு என்ற சொற்களின் இடத்தில் எண்கள் வந்து அமர்ந்தன. தமிழக வீடுகளில் அந்த நிலை மெதுவாகவே வந்தது. 1959-இல் இந்தியாவில் உற்பத்தி தொடங்கிய பிரஷர் குக்கரை, ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் மணலோ உப்போ பரப்பிச் சிறு ஓவனாக்கிக் கொண்டனர். மூடியில் மின்கம்பிச் சுருளும் நடுவில் கண்ணாடிச் சன்னலும் கொண்ட வட்டமான அலுமினிய ஓவன் அதற்கு அடுத்த தலைமுறையின் பொருள். இன்று கடைகளில் ஓடிஜி என்ற பெயரில் விற்கும் மின் ஓவன் மெல்லிய தகட்டுப் பெட்டியே. அதன் உலோகம் 8 கிலோ என்று கொண்டால், 180 டிகிரிக்கு ஏற்ற 6 இலட்சம் ஜூல் போதும். 1,500 வாட் மின்சுருள் அதனை ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் தந்துவிடும். சுவர் வழியாகக் கசியும் வெப்பத்தையும் சேர்த்தால் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம், செலவு 0.3 யூனிட் மின்சாரம். உள்ளிருக்கும் 40 லிட்டர் காற்றின் எடை 50 கிராம் மட்டுமே. அது சூடேறத் தேவைப்படும் ஆற்றல் அதே மின்சுருளின் ஐந்து விநாடி வேலைக்கும் குறைவு. சூடேறியதைக் காட்டும் விளக்கு அணைந்தவுடன் கதவைத் திறந்து தட்டை வைப்பவருக்குக் கேக் சரிவர எழும்பாமல் போவதற்குக் காரணம் இதிலேயே உள்ளது: திறந்த கணத்தில் சூடான காற்று வெளியேறிவிடுகிறது, அதை ஈடுசெய்ய வேண்டிய சுவரோ இன்னும் முழுமையாகக் காயவில்லை. செங்கல் அடுப்பின் வாயை அடைத்துச் சமநிலைக்குக் காத்திருந்த பழைய பேக்கரித் தொழிலாளியின் பொறுமைக்கு இங்கும் இடமுண்டு; விளக்கு அணைந்த பின் மேலும் ஐந்து நிமிடம் விடுவது அவரது முறையின் மிகச் சிறிய வடிவம்.

பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ரேடியல் சாலை வந்து, நிலங்கள் மனைகளாகி, இப்போது மெட்ரோ ரயில் தடத்துக்கான பணியும் நடந்துவரும் கீழ்க்கட்டளையில், வீட்டிலிருந்தே கேக் செய்து விற்போர் பலருடைய தொழிலுக்கு அடிப்படை இந்தப் பத்து நிமிடமே. மாவு கலந்து முடிவதற்குள் அடுப்பு ஆயத்தமாகிவிடுவதால் ஓர் ஆணைக்கு ஒரு கேக் என்று சுட முடிகிறது. விறகு அடுப்பு அதை ஒருபோதும் அனுமதித்திருக்காது. வேலை இரவிலிருந்து பகலுக்கும், ஆண்கள் மட்டுமே நின்ற அடுப்பங்கரையிலிருந்து பெண்கள் தாமே நடத்தும் சிறுதொழிலுக்கும் நகர்ந்திருப்பது நல்ல மாற்றம்; சூடேறும் நேரம் குறைந்ததால் விளைந்தவற்றில் இதுவே மிகப் பெரியது.

விறகு அடுப்புகளின் காலம் விரைவாக முடிந்துவருகிறது. மும்பையில் விறகாலும் கரியாலும் இயங்கும் பேக்கரிகள் தூய எரிபொருளுக்கு மாற வேண்டுமென்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஆறு மாத அவகாசம் விதித்தது. காற்று மாசைக் கருதினால் பிற நகரங்களும் அவ்வழியே செல்லக்கூடும், செல்லவும் வேண்டும். ஆனால் அடுப்பு இடிக்கப்படுவதற்கு முன் அதன் சுவர்த் தடிமன், தளத்தின் அடியிலுள்ள அடுக்குகள், ஒரு நாளுக்கு எரிந்த விறகின் எடை, தீ மூட்டியதிலிருந்து முதல் தட்டு செல்லும்வரை ஆன நேரம், பண்டங்கள் உள்ளே சென்ற வரிசை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். சென்னையின் பழைய பேக்கரிகளிலும் தூத்துக்குடியிலும் நீலகிரியிலும் கையை நீட்டிச் சூடு பார்க்கத் தெரிந்த தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளூர் வரலாற்றில் ஆர்வமுள்ள ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஓர் அளவுநாடாவோடும் குறிப்பேட்டோடும் அவர்களிடம் செல்வது இப்போதே செய்யத்தக்க வேலை.